ஓய்வுக்குப் பின் சமுதாயக் கல்லூரி: கிரெடிட் வகுப்பா, ஆடிட்டா, முதியோர் வகுப்பா?

கேள்வி: மாலைநடை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வயது 67. மகளின் குடும்பத்தோடு இருப்பதற்காகக் கிரீன் கார்டு பெற்று அமெரிக்காவில் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்டதால் பகல் பொழுது முழுவதும் இப்போது எனக்கென்று கிடைக்கிறது. வீட்டுக்கு அருகில், வட்டார மக்கள் எந்த வயதிலும் சேர்ந்து படிக்கக்கூடிய இரண்டாண்டுக் கல்லூரியான சமுதாயக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதன் பாடப் பட்டியலைப் பார்த்தபோது இந்த நாட்டின் வரலாறு, அடிப்படை ஓவியம் ஆகிய இரண்டும் என்னை ஈர்த்தன. பட்டம் பெற்ற கையோடு வேலைக்குச் சென்றுவிட்டதால், மேற்கொண்டு படிக்க வேண்டும் என்ற ஆசை அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் அந்தப் பட்டியலே எனக்குக் குழப்பமாகவும் இருக்கிறது. ஒரே வரலாறு ஓரிடத்தில் கிரெடிட் வகுப்பாகவும், வேறோரிடத்தில் முதியோருக்கான தனி வகுப்பாகவும் காணப்படுகிறது. ஆடிட் என்று ஒரு முறையும் உண்டாம். எதில் சேர்ந்தால் உண்மையாகவே கற்றுக்கொள்ள முடியும் என்பதே என் முதன்மையான கேள்வி. பொழுது போவதற்காக மட்டும் வகுப்பில் அமர்ந்துவிட்டு வர எனக்கு விருப்பமில்லை. அதே வேளையில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து தேர்வு எழுதும் அளவுக்கு என் நினைவாற்றல் இடம் கொடுக்குமா என்ற தயக்கமும் இருக்கிறது. பெயர்களும் ஆண்டுகளும் முன்போல் மனத்தில் நிற்பதில்லை. வலது காதில் கேட்கும் திறனும் சற்றுக் குறைந்திருக்கிறது. செலவைத் தான் பார்த்துக்கொள்வதாக மகள் சொல்கிறாள். அவளுக்குச் சுமையாகாமல் சேர்வதற்கு வழி இருந்தால் அதையும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: ஏட்டடுக்கு

ஐயா, வணக்கம். சமுதாயக் கல்லூரி ஒன்றின் மாணவர் பதிவு அலுவலகத்தில் நெடுநாள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். பட்டியலில் தாங்கள் காண்பவை கட்டணம், தேர்வு, ஆசிரியரின் கடமை ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று வேறுபடும் மூன்று தனித்தனி ஏற்பாடுகள்.

கிரெடிட் வகுப்பு பட்டத்துக்குக் கணக்கில் சேரும். கட்டுரை, தேர்வு, மதிப்பெண் எல்லாம் அதில் உண்டு. மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக இருக்கும். எழுத்து மதிப்பெண் வேண்டாதவர்கள் தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்று மட்டும் பதிவாகும் முறையைத் தேர்ந்தெடுக்கப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. அதே வகுப்பறையில், அதே ஆசிரியரிடம், மதிப்பெண் இன்றி அமர்ந்து கேட்பதுதான் ஆடிட். ஆடிட் செய்பவர் எழுதும் கட்டுரையைத் திருத்தித் தர வேண்டிய கடமை ஆசிரியருக்குப் பொதுவாக இல்லை, மனமிருந்தால் செய்வார். ஆடிட்டுக்கு ஆசிரியரின் ஒப்புதல் பல இடங்களில் தேவைப்படுகிறது. ஆடிட்டுக்கும் முழுக் கட்டணம் வாங்கும் கல்லூரிகள் உண்டு என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். மூன்றாவது வகை, தொடர்கல்விப் பிரிவு நடத்தும் கிரெடிட் இல்லாத வகுப்புகள். முதியோருக்கான தனி வகுப்புகள் பெரும்பாலும் இதில்தான் அடங்கும். இவற்றில் சேர எந்த முன்தகுதியும் கேட்கமாட்டார்கள்.

கட்டண விலக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சஸில் 65 வயது நிரம்பியவர்களை, வகுப்பில் இடமிருந்தால், ஒரு செமஸ்டருக்கு 6 கிரெடிட் மணி (வழக்கமாக இரண்டு பாடங்கள்) வரை கல்விக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ள அரசுக் கல்லூரிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. வர்ஜீனியாவில் அந்த வயது 60. ஆடிட்டாகவோ கிரெடிட் இல்லாத வகுப்பிலோ சேர்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது, கிரெடிட் பெற விரும்பினால் மட்டும் வருமான வரம்பு பார்க்கப்படும். கலிஃபோர்னியாவில் கிரெடிட் வகுப்புக்கு அம்மாநிலத்தில் வசிப்பவர்கள் யூனிட் (பாடத்தின் கிரெடிட் அளவு) ஒன்றுக்கு 46 டாலர் கட்டுகிறார்கள். அங்கே முதியோருக்கான கிரெடிட் இல்லாத வகுப்புகளை மாநில அரசே நிதி தந்து நடத்தச் செய்வதால் அவற்றுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. விலக்கு பெறுவதற்கு அந்த மாநிலத்தில் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஓராண்டு, வசித்திருக்க வேண்டும். தாங்கள் குடியேறி அதைவிடக் கூடுதல் காலம் ஆகியிருப்பதால் சிக்கல் இராது. முகவரியைக் காட்டும் ஆவணங்களை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

இதில் ஒரு நுணுக்கத்தை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடமிருந்தால் என்ற நிபந்தனையோடு வரும் விலக்கைப் பெறுபவர்கள், மற்ற மாணவர்கள் பதிவு செய்து முடித்த பிறகுதான், வகுப்பு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்போ தொடங்கும் நாளிலோ, பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஆர்வத்தில் முன்கூட்டியே பதிவு செய்து கட்டணத்தைச் செலுத்திவிட்டால், பிறகு விலக்குக் கேட்டுத் திரும்பப் பெற முடியாமல் போகும் இடங்கள் இருக்கின்றன. விலக்கு என்பதும் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே. ஓவிய வகுப்பின் பொருட்கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், நூல்களின் விலை ஆகியவை தனி.

மகள் தங்களுக்காகக் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினால், தங்கள் பதிவைப் பற்றியோ மதிப்பெண்ணைப் பற்றியோ அலுவலகத்தார் அவரிடம் பேசமாட்டார்கள். மாணவர் விவரங்களைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த உரிமை மாணவராகிய தங்களுக்கே உரியது. தங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இருந்தால்தான் அவர் பேச முடியும். ஆகவே முதல் முறை இருவரும் சேர்ந்து நேரில் செல்வது நல்லது.

பதில்: கரும்பலகை

மதிப்பிற்குரிய ஐயா, சமுதாயக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். என் கிரெடிட் வகுப்புகளில் அறுபதைக் கடந்தவர்கள் ஓரிருவராவது பெரும்பாலும் இருப்பார்கள். தங்களைப் போன்றவர்கள் வரலாற்றைக் கிரெடிட் வகுப்பிலேயே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெயர்களும் ஆண்டுகளும் நிற்பதில்லை என்ற தயக்கத்தை முதலில் பார்ப்போம். கல்லூரி வரலாற்றுத் தேர்வில் ஆண்டுகளை ஒப்பிப்பதற்கு மதிப்பெண் மிகக் குறைவு. ஓர் ஆவணத்தைக் கொடுத்து, அதை எழுதியவர் யாருக்காக எழுதினார், எதை மறைத்தார், அதனால் யாருக்கு ஆதாயம் என்று கேட்போம். 1790ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், மாநிலங்களின் விடுதலைப் போர்க்கடனைக் கூட்டாட்சி அரசே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். புதிதாகப் பிறந்த ஒரு நாடு கடனை ஏற்பதன் வழியாக நம்பகத்தன்மையைப் பெற முடியும் என்ற அந்த வாதம் இளம் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை, ஏனென்றால் அவர்களில் பலர் இன்னும் ஒரு வரவு செலவுத் திட்டத்தைக்கூடக் கையாண்டதில்லை. அரசுக் கணக்குகளோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் அதே அறிக்கையைப் படிக்கும்போது, ஏற்கெனவே கடனை அடைத்துவிட்ட மாநிலங்கள் ஏன் கொதித்தெழுந்தன என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார். அதுபோலவே, இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1923இல், குடியுரிமை கோரிய பஞ்சாபியரான பகத் சிங் திந்தின் வழக்கில் தீர்ப்பளித்ததையும், 1946ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை நீக்கினாலும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கே குடியேற இடம் தந்ததையும், 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கிக் குடும்ப உறவுக்கு முன்னுரிமை தந்ததையும் நாங்கள் பாடத்தில் பேசும்போது, மகள் வழியாக இங்கு வந்த தங்களுக்கு அது தங்கள் குடும்பத்தின் கதையாகவே இருக்கும்.

முதுமையில் நினைவாற்றலில் குறைவது பெரும்பாலும் வேகமும், தொடர்பற்ற புதிய செய்திகளை அப்படியே பிடித்துவைக்கும் திறனும்தான். சொல்வளமும் திரண்ட அறிவும் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன. எனவே புதிய செய்தியைப் பழைய அறிவோடு பிணைத்துப் படிப்பவர்களுக்கு வயது பெரிய தடையாவதில்லை. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டு, நூலை மூடிவைத்துவிட்டுப் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக்கி ஆகிய இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குப் பின் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள் என்றாலும், என் வகுப்பில் உள்ள மூத்த மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அவர்களுக்கு இது பலன் தருவதையும் பார்க்கிறேன்.

உழைப்பைக் கோரும் வகுப்பை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க்கும் அவருடைய குழுவினரும் 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலர் எண்முறை ஒளிப்படக் கலையையும், சிலர் துணியொட்டுத் தையலையும், சிலர் இரண்டையும் மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் புதிதாகக் கற்றார்கள். வேறு சிலர் அதே அளவு நேரம் கூடிப் பேசி, சுற்றுலா சென்று மகிழ்ந்தார்கள். புதிய திறனை உழைத்துக் கற்றவர்களின் நினைவாற்றலில் முன்னேற்றம் காணப்பட்டது. கூடிப் பேசி மகிழ்ந்தவர்களிடம் அந்த அளவு காணப்படவில்லை. இதை வைத்து மறதி நோயைத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பொழுது போவதற்காக மட்டும் வகுப்புக்கு வர விரும்பவில்லை என்று தாங்கள் எழுதியதற்கு அது வலுவான துணை.

காதைப் பற்றி: வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகள்; அதனால் பேச்சின் ஓசை கேட்கும், மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்காது. வலது காதில் குறை என்பதால், கரும்பலகையை நோக்கி அமரும்போது தங்கள் வலப்புறம் சுவர் இருக்குமாறு, முன்வரிசையின் வலது ஓரத்தில் அமருங்கள். ஆசிரியரும் மற்ற மாணவர்களும் தங்கள் நல்ல காதின் பக்கம் இருப்பார்கள், பேசுபவர்களின் முகமும் தெரியும். அதோடு, முதல் வாரத்திலேயே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சேவை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். செவிப் பரிசோதனை அறிக்கை இருந்தால் ஆசிரியரின் குரலை நேராகக் காதுக்குக் கொண்டுவரும் கேட்பு உதவிக் கருவி, வசன வரிகள், குறிப்பெடுத்துத் தரும் உதவி, தேர்வுக்குக் கூடுதல் நேரம் முதலியவற்றைத் தேவைக்கேற்ப ஏற்பாடு செய்வார்கள். இது 1990ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்த உரிமை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். எந்த ஆசிரியரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

இளைஞர்களைப் பற்றிய தயக்கம் முதல் குழு வேலையோடு நீங்கிவிடும். அவர்களுக்குக் கணினித் தளம் எளிது, தங்களுக்குக் கருத்தை வாக்கியமாக அமைப்பது எளிது. இரு தரப்பும் இதை விரைவில் கண்டுகொள்கிறார்கள்.

பதில்: நூலகப்படி

கரும்பலகை அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் முதியோர் வகுப்புகளைக் கூடிப் பேசி மகிழும் இடங்களோடு சேர்த்து எண்ணிவிடும்படி அவருடைய பதில் அமைந்திருப்பதால், அவற்றில் பல பருவங்களாகப் படித்து வரும் ஒருத்தியாக என் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் எழுபது கடந்துவிட்டது.

இந்த வகுப்புகளுக்கென்று ஒரு நீண்ட மரபு இருக்கிறது. 1962இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றோருக்கான கற்றல் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை; உறுப்பினர்களே பாடத்தைத் திட்டமிட்டு, படித்து, ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் வெலாஸ் என்ற பேராசிரியர் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் (மூன்றாம் பருவம் என்பது ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை) என்ற ஒன்றைத் தொடங்கியபோது, அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர்களே முதியோருக்குக் கற்பித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த எண்ணம் பிரிட்டனுக்குச் சென்றபோது, நியூயார்க்கைப் போலவே உறுப்பினர்கள் தமக்குள் கற்பித்துக்கொள்ளும் முறையாக மாறியது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் சாண்டா மோனிகா கல்லூரி 1975இலேயே முதியோருக்கென எமெரிட்டஸ் என்ற பிரிவைத் தொடங்கி இன்று வரை நடத்தி வருகிறது. பெர்னார்டு ஓஷர் அறக்கட்டளையின் நிதியோடு 2001இல் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய வாழ்நாள் கற்றல் நிறுவனங்கள் இன்று நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கின்றன. ஐம்பது கடந்தவர்களுக்கானவை, உறுப்பினர் கட்டணம் உண்டு. இவற்றில் பேராசிரியர் கற்பிக்கும் வகுப்பும் உறுப்பினர் கற்பிக்கும் வகுப்பும் கலந்தே இருக்கும்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம், ஒரு பாடத்தை ஆழமாகக் கற்க வைப்பது தேர்வு மட்டுமே அன்று. அடுத்த வாரம் பதினைந்து பேருக்கு முன்னால் நீங்கள் அதை விளக்கியாக வேண்டும் என்ற பொறுப்பும் அதைச் செய்யும். சென்ற பருவத்தில் எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, தீர்ப்பையும் மாறுபட்ட நீதிபதியின் கருத்தையும் முழுமையாகப் படித்துவிட்டு வந்து வகுப்பை நடத்தினோம். அதற்காக நான் நூலகத்தில் உழைத்த உழைப்பை எந்தத் தேர்வுக்கும் உழைத்ததில்லை. அரசுக் கணக்கு அறிந்த நீங்கள், ஓராண்டு கற்றபின், பொதுக்கடனைப் பற்றியோ வரி வரலாற்றைப் பற்றியோ ஆறு வார வகுப்பு ஒன்றை நடத்த முன்வரலாம். உங்களைப் போன்றவர்களை அந்தக் குழுக்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

எல்லா முதியோர் வகுப்பும் இப்படி இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். படங்களைத் திரையில் ஓடவிட்டு ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலையும் வகுப்புகளும் உண்டு. பதிவு செய்யும் முன் ஒருங்கிணைப்பாளரிடம், வாரந்தோறும் படிப்பதற்கு என்ன தருவீர்கள், நாங்கள் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் சேருங்கள்.

ஓவியத்தைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை: கிரெடிட் இல்லாத வகுப்புதான். ஒரே கிரெடிட் வகுப்பை மீண்டும் மீண்டும் எடுக்கக் கல்லூரிகள் பொதுவாக விடுவதில்லை. கிரெடிட் இல்லாத வகுப்பில் பெரும்பாலும் அந்தத் தடை கிடையாது. கை பழகுவதற்கு ஒரு பருவம் போதாது. நிழலின் அடர்த்தியைக் கண் சரியாகப் பார்க்கத் தொடங்குவதற்கே பலருக்கு ஒரு பருவம் ஆகிவிடுகிறது. வெளிச்சம் நிறைய வரும் பகல் நேர வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். நம் வயதில் கண்ணுக்குள் செல்லும் ஒளியின் அளவு இளைஞர்களைவிட மிகவும் குறைவு.

பதில்: அலைபேசிக் குறிப்பு

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு செய்தி. ஐயா கிரீன் கார்டு உடையவர் என்பதால் அவருக்குத் தடை இல்லை. பார்வையாளர் விசாவில் வந்து சில மாதங்கள் தங்கும் பெற்றோரை இதே போல் சேர்க்க முடியாது. அந்த விசாவில் உள்ளவர்கள் முறையான பாடத்திட்டத்தில் சேர்வதை விதிகள் தடுக்கின்றன. கிரெடிட் இல்லாத, பொழுதுபோக்குக்கான குறுகிய வகுப்புகளுக்கே இடமுண்டு. ஆர்வ மிகுதியில் பெற்றோரைக் கிரெடிட் வகுப்பில் பதிவு செய்துவிட்டால் பிறகு விசாவுக்கே சிக்கல் வரலாம். ஐயம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

மாலைநடை

விரிவாக எழுதிய அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. மகளும் உடனிருந்து எல்லாவற்றையும் படித்தாள். ஓவியத்தைக் கிரெடிட் இல்லாத பகல் வகுப்பில் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வரலாற்றைப் பொறுத்தவரை, இரு தரப்பின் வாதத்தையும் எடைபோட்ட பின், முதல் பருவத்தில் கிரெடிட் வகுப்பில் ஆடிட்டாகச் சேர்ந்து, கட்டுரைகளை மட்டும் எல்லோரையும் போல எழுதித் தருவது எனக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஹாமில்டனின் அறிக்கையை மகள் இணையத்தில் தேடி எடுத்துக் கொடுத்தாள். மெதுவாகப் படித்து வருகிறேன். ஒரே ஓர் ஐயம். பருவத்தின் நடுவில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டால், ஆடிட்டைக் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: ஏட்டடுக்கு

முடியும் ஐயா, ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் மட்டுமே. அந்த நாளைக் கல்லூரியின் கல்வி நாட்காட்டியில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பருவத்தின் முதல் சில வாரங்களுக்குள் வந்துவிடும், அதாவது முதல் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே தாங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கலாம். கிரெடிட்டிலிருந்து ஆடிட்டுக்கு மாறுவதற்குச் சில கல்லூரிகள் இதைவிடக் கூடுதல் அவகாசம் தருகின்றன. அப்படியானால் கிரெடிட்டில் தொடங்குவதே தங்களுக்கு வசதி. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: தங்கள் மாநிலத்தில் மூத்தோருக்கான கட்டண விலக்கு ஆடிட்டுக்கு மட்டும் என்று இருந்தால், கிரெடிட்டுக்கு மாறும்போது முழுக் கட்டணமும் கேட்பார்கள். பதிவு அலுவலகத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளைத் திருத்தித் தர இயலுமா என்று ஆசிரியரிடம் முதல் வகுப்பு முடிந்ததும் நேரில் கேளுங்கள்.